கிடை போட இடம் எங்கே? தஞ்சாவூர்ச் சீமைக்கு வரும் கீதாரிகளும் தடம் மாறிய மழையும்

கண்மாய்க்கரை:
வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்களுக்கு முதுகுளத்தூர் பக்கம். அப்பா கீதாரி, அதாவது ஊர் ஊராக நடந்து செம்மறி மேய்ப்பவர், வயது 66. கிடையில், அதாவது இரவில் வயலில் அடைக்கும் மந்தையில், இப்போது 280 உருப்படி. பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை, கொஞ்சம் செவ்வாடு. பாதி எங்களுடையது, பாதி மாமாவுடையது. நான் படித்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன். இரண்டு வருடமாக அப்பா ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "ஆட்டை வித்துரலாமாடா?" வாழ்நாளில் அவர் வாயிலிருந்து இந்தச் சொல் வந்ததே இல்லை.

வெளியூர் நண்பர்களுக்காக எங்கள் கணக்கைச் சொல்கிறேன். தையில் சம்பா அறுவடை முடிந்ததும் ஆட்டைப் பத்திக்கொண்டு தஞ்சாவூர்ச் சீமைக்குப் போவோம். பகலில் அறுத்த வயலில் மேயும். இரவில் எந்த வயலுக்குக் கிடை பேசியிருக்கிறோமோ அங்கே அடையும். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு, கிடைக்காசு எங்களுக்கு. முன்பு நெல்லாகவே அளப்பார்களாம். வாய்க்காலில் தண்ணீர் வந்து உழவு தொடங்கும்வரை அங்கே இருப்போம். புரட்டாசிக்குள் ஊர் திரும்பினால், ஐப்பசி மழைக்கு நம் மானாவாரித் தரிசிலும் கண்மாய் ஓரத்திலும் புல் கிளம்பும். அப்பாவுக்கு அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். எங்கே எப்போது மழை பெய்யும், எங்கே எப்போது வயல் காயும் என்ற கணக்கு.

அந்தக் கணக்குதான் இப்போது கூடிவருவதில்லை. 2021 ஜனவரியில் மழை விடவே இல்லை. அறுக்க வேண்டிய சம்பா வயலிலேயே சாய்ந்து முளைத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் அதேபோல். விவசாயிக்கு நெல் போனது எல்லோருக்கும் தெரியும், செய்தியில் வந்தது. அந்த வயலை நம்பிக் கிளம்பி வந்த கிடை, சேற்றில் அடைய முடியாமல் ரோட்டோரத்தில் நாள்கணக்காக நின்றது செய்தியில் வரவில்லை. அப்பாவும் மாமாவும் சினை ஆடுகளை வாய்க்கால் மேட்டில் நிறுத்தி, தார்ப்பாய்க்கு அடியில் குட்டிகளை அடைக்கும் கூடாப்போடு (மூங்கில் கூடு) வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2021இல் மட்டும் எங்களுக்கு 23 குட்டிகள் போயின.

வரும் நாள்தான் இப்படி என்றால், கிளம்பும் நாளும் பிடிபடவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12 திறப்பார்கள் என்பதுதான் வழக்கம். 2022இல் மே 24இலேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28. இரண்டு வருடத்துக்குள் இரண்டு மாத வித்தியாசம். இதில் ஆட்டை எப்போது பத்துவது, எந்த ஊரில் கிடை பேசுவது?

விற்றுவிடலாமா, குறைத்துக்கொள்ளலாமா, வேறு வழி இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:
தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன். எனக்கு மன்னார்குடி பக்கம் ஆறு ஏக்கர். சின்ன வயதில் மாசி பிறந்தால் கீதாரி எப்போது வருவார் என்று எங்கள் தாத்தா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" என்பார். கிடை கட்டிய வயலில் பயிர் கருகருவென்று நிற்கும், கண்ணாலேயே தெரியும்.

இப்போது எங்கள் பக்கத்து நிலையைச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். மாசி முதல் ஆடி வரை வயல் சும்மா கிடந்த காலம் போய்விட்டது. சம்பா அறுப்பதற்குப் பத்து நாள் முன்பு ஈரத்திலேயே உளுந்து தெளிப்பது பழைய வழக்கம்தான். உளுந்து எடுத்த பிறகாவது ஆடு மேயும். இப்போது போர்வெல் இருக்கிறவர்கள் கோடையில் பருத்தி போடுகிறார்கள். திருவாரூர் மாவட்டத்தில் இது ரொம்பப் பரவிவிட்டது. நானும் இரண்டு ஏக்கர் போட்டேன். சம்பா மழையில் போய்விட்டால் அந்த நஷ்டத்தை வேறு எங்கே எடுப்பது? பருத்தி நிற்கிற ஊருக்குள் ஆட்டை விட முடியாது, ஒரே நாளில் சண்டை வந்துவிடும். பத்து பேர் பருத்தி போட்டால், போடாத நாற்பது பேர் வயலுக்கும் கிடை வர முடியாமல் போகிறது.

இன்னொன்று, மழையால் அறுவடை ஒரே சமயத்தில் முடிவதில்லை. ஒருவன் தையில் அறுப்பான், குறுவைக்குப் பிறகு இரண்டாம் போகம் போட்ட தாளடிக்காரன் பங்குனியில் அறுப்பான். முன்பு ஒரு வெளி மொத்தமாகக் காலியாகும், 300 ஆடு தாராளமாகப் போகும். இப்போது ஒரு வயல் காலி, பக்கத்து வயலில் கதிர்.

சரளைக்காடு:
இரண்டு பேரும் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். போர்வெல் போட்டது மனிதன். பருத்தி போட்டது மனிதன். மேட்டூர் திறப்பது கர்நாடகம் விடும் தண்ணீரையும் அணையின் இருப்பையும் பொறுத்தது. இதையெல்லாம் காலநிலை மாற்றம் என்ற ஒரே கணக்கில் எழுதினால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்றாகிவிடும். மந்தைவெளியையும் மேய்ச்சல் புறம்போக்கையும் பட்டா போட்டும் கட்டடம் கட்டியும் தின்றது மழையா? தவறாக நினைக்க வேண்டாம், உண்மையிலேயே கேட்கிறேன்.

கண்மாய்க்கரை:
நீங்கள் கேட்பது நியாயம், நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மழை தவறுவது எங்களுக்குப் புதிதல்ல. ராமநாதபுரத்துக்காரனிடம் பஞ்சத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். மழை தவறினால் நகர்ந்துவிடுவதுதான் எங்கள் பிழைப்பே. ஒரு ஊரில் புல் இல்லையென்றால் அடுத்த ஊர், வயல் காயவில்லையென்றால் புறம்போக்கு, அதுவும் இல்லையென்றால் கண்மாய்க்கரை. இப்படி ஒதுங்குவதற்கு நாலு இடம் இருந்தவரை எந்த மழையையும் சமாளித்தார்கள்.

இப்போது மழை முன்னைவிடத் தாறுமாறாகப் பெய்கிறது, ஒதுங்குகிற இடமும் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் வந்துவிட்டன. 2016 வடகிழக்குப் பருவமழையை நினைத்துப் பாருங்கள். சராசரி 440 மி.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 168 மி.மீ. பெய்தது. அடுத்த ஜனவரியில் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்கள். ஒரு மாவட்டம் வறண்டால் இன்னொரு மாவட்டத்துக்குப் போகலாம். எல்லா மாவட்டமும் வறண்டால்? அந்த வருடம் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் போனார். வயலெல்லாம் காலிதான், நடவே இல்லை. ஆனால் மேய ஒரு தாளும் இல்லை, வாய்க்காலில் குடிக்கத் தண்ணீரும் இல்லை. காசு கொடுத்து டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றினார். 90 உருப்படியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கள் ஊர்க் கண்மாயிலும் சீமைக்கருவேல் அடைத்துவிட்டது. அதன் நெற்றை ஆடு தின்னும், வெயிலுக்கு நிழலும் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதன் அடியில் புல் முளைப்பதில்லை. கண்மாய்க்குள் நடக்க முடியாதபடி முள்.

கோமாரி டாக்டர்:
கால்நடை மருத்துவத்தில் பல வருடம் தென்மாவட்டங்களில் வேலை செய்தவன். மழைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. நோய்.

செம்மறிக்கு வரும் நீலநாக்கு நோயைக் கீதாரிகள் நன்றாக அறிவார்கள். முகம் வீங்கும், மூக்கில் சளி கட்டும், வாயெல்லாம் புண், கால் நொண்டும். ஆட்டுக்கு ஆடு தொட்டு இது பரவாது. கொசுவைவிடச் சின்னதாக ஒரு கடிக்கும் பூச்சி இருக்கிறது. ஈரச் சாணியிலும் சேற்றிலும் முட்டையிடும். அதுதான் பரப்புகிறது. அதனால்தான் நம் ஊரில் இது வடகிழக்கு மழையை ஒட்டி வருகிறது. வெப்பம் கூடினால் பூச்சியின் உடம்புக்குள் வைரஸ் வேகமாகப் பெருகும். முன்பு குளிர் நாடு என்று பாதுகாப்பாக இருந்த நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியில் 2006இல் இந்த நோய் புகுந்தபோது ஆராய்ச்சியாளர்கள் வெப்பத்தைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தார்கள்.

தடுப்பூசி இருக்கிறது. மழைக்கு முன்பே போட வேண்டும். மழை எப்போது என்று தெரிந்தால்தானே "முன்பு" என்ற சொல்லுக்கே அர்த்தம்! தையில் பெய்கிற மழைக்கு எந்த மாதம் ஊசி போடுவது? அதோடு கிடை ஒரு மாவட்டத்தில், ஊசி போடும் முகாம் இன்னொரு மாவட்டத்தில். முகாம் பட்டியல் ஊரில் இருக்கிற ஆடுகளை வைத்துத்தான் தயாராகும். ரோட்டில் நடந்துகொண்டிருக்கும் 280 ஆடு எந்த ஊர்க் கணக்கு?

துள்ளுமாரி நோயும் அப்படித்தான். காய்ந்து கிடந்த நிலத்தில் திடீரென்று மழை பெய்து இளம்புல் கிளம்பும். பசியோடு இருந்த ஆடு அதை வயிறு முட்ட மேயும். கொழுத்த, நல்ல குட்டிதான் முதலில் துள்ளி விழுந்து சாகும். குடலில் இருக்கும் கிருமி அந்தத் தீனியில் பெருகி நஞ்சைக் கக்குகிறது. நீண்ட வறட்சி, பிறகு ஒரே நாளில் கொட்டும் மழை என்று மாறி மாறி வந்தால் இதற்கு வாய்ப்பு கூடும்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் செம்மறி நடுப்பகலில் மேயாது. ஒன்றின் வயிற்றடியில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு வட்டமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அது மேயாத நேரம். கிடாயின் விந்துத் தரமும் வெப்பத்தில் குறையும், சினை பிடிப்பது தள்ளிப்போகும்.

நொய்யல்:
நான் தாராபுரம் பக்கம். எங்களிடம் கொறங்காடு என்ற வேலியிட்ட சொந்த மேய்ச்சல் நிலம் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். மழை குறைந்தாலும் புல் வேரோடு இருக்கும், ஒரு மழைக்கு எழுந்துவிடும். வெயிலில் வெள்வேலம் நெற்று உதிர்க்கும். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இதை நம்பித்தான் இருக்கின்றன. உங்கள் பக்கமும் நிலத்தை வேலிபோட்டு இப்படி வளர்க்கலாமே?

கண்மாய்க்கரை:
நண்பரே, கொறங்காட்டை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன், கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அது சொந்த நிலம் உள்ளவர்களுக்கு. எங்கள் குடும்பத்துக்கு வீட்டைச் சுற்றி இருக்கும் 12 சென்ட்தான் நிலம். கீதாரிகளில் பெரும்பாலோர் இப்படித்தான். எங்களிடம் இருக்கிற ஒரே நிலம் நடந்துபோகிற பாதை.

மேகமலை அடிவாரம்:
பாதை என்றதும் எழுதத் தோன்றியது. நாங்கள் தேனி மாவட்டத்தில் மலைமாடு வைத்திருப்பவர்கள். வருடத்தின் பெரும்பகுதி மாடு காட்டில்தான். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் எல்லாக் காடுகளிலும் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது. அன்று இரவு எங்கள் ஊரில் யாரும் தூங்கவில்லை. இரண்டு வாரத்தில் அந்த உத்தரவைத் திருத்தி, தடை தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகத்துக்கு மட்டும் என்றார்கள். ஆனால் எங்களுக்கு அந்தத் திருத்தத்தால் என்ன மாறியது? எங்கள் மேய்ச்சல் இருப்பதே காப்பகத்துக்குள்.

புலி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கோடை நீண்டு கீழே புல் கருகும்போது மாட்டை மேலே ஏற்றுவதுதான் எங்கள் தற்காப்பு. வெப்பம் கூடுகிற காலத்தில் மேலே போகிற வழியை அடைத்தால் மாட்டை எங்கே கொண்டுபோவது? 2006 வன உரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவில், நாடோடியாகவும் இடம்பெயர்ந்தும் மேய்ப்பவர்களின் மேய்ச்சல் உரிமை, பருவத்துக்குப் பருவம் காட்டைப் பயன்படுத்தும் உரிமை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

நிலாமுற்றம்:
நகரத்துக்காரி, தெரியாமல் கேட்கிறேன். ஆடு மாடு விடும் மீத்தேனும் பூமி சூடாக ஒரு காரணம் என்கிறார்களே. அப்படியானால் கிடைகள் குறைவது நல்லதுதானா?

கோமாரி டாக்டர்:
கேட்டது நல்லது அம்மா. அசைபோடும் பிராணிகள் மீத்தேன் விடுவது உண்மை. ஆனால் இந்த ஆடுகள் என்ன தின்கின்றன என்று பாருங்கள். அறுத்த தாள், வரப்புப் புல், உதிர்ந்த நெற்று. இவற்றுக்காக யாரும் சோளம் விதைக்கவில்லை, காட்டை அழிக்கவில்லை, கப்பலில் தீவனம் வரவில்லை. இவை போடும் எருவால் வயலுக்கு யூரியா குறைகிறது. யூரியா தயாரிக்க எரிவாயு வேண்டும், வயலில் போட்ட பிறகு அதிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடும் கிளம்பும். கிடை ஆட்டையும் தொழிற்சாலைப் பண்ணை மாட்டையும் ஒரே தராசில் நிறுப்பது சரியில்லை. உலகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி மேய்ச்சல் நிலம்தான். அதில் உழுது பயிர் செய்ய முடியாத இடமே அதிகம். அங்கே மனிதன் உயிர்பிழைக்க மந்தையைத் தவிர வேறு என்ன வழி இருந்தது?

கச்சேரி வாசல்:
வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இழப்பீடு பற்றிச் சொல்கிறேன், பயன்படும். பேரிடரில் ஆடு செத்தால் உருப்படிக்கு 4,000 ரூபாய். முன்பு 3,000 ஆக இருந்தது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 ஆடு வரைதான். வீட்டுக் கொட்டிலில் பத்து ஆடு வளர்ப்பவரை மனதில் வைத்து எழுதிய விதி அது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்ததே, அப்படி ஒரு வெள்ளத்தில் 200 ஆடு போனாலும் கணக்கு 30க்குத்தான். அதோடு செத்ததற்குச் சான்று வேண்டும். வெளி மாவட்டத்தில் செத்திருந்தால் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் "நீ எங்கள் ஊர்க்காரன் இல்லையே" என்பார்.

கண்மாய்க்கரை:
ஐயா, 2018 கஜா புயலில் எங்களுக்கு அதேதான் நடந்தது. நவம்பர் 16 விடியற்காலை. அந்த வருடம் மாமா ஊர் திரும்பாமல் வேதாரண்யம் பக்கமே ஒரு சின்னக் கிடையை வைத்திருந்தார். 41 ஆடு. நான் போய்ச் சேர்ந்தபோது உடல்களைப் புதைத்துவிட்டிருந்தார்கள், நாறும் என்று ஊர்க்காரர்கள் அவசரப்படுத்தியிருக்கிறார்கள். போட்டோ இல்லை, சான்று இல்லை. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் மாமா ஏழு முறை நடந்தார். ஒரு ரூபாய்கூட வரவில்லை.

கச்சேரி வாசல்:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களையும் தனியாகக் கேட்டார்கள். உங்கள் கிடையைக் கணக்கில் எடுத்தார்களா என்று விசாரியுங்கள். கிளம்புமுன் ஆடுகளுக்குக் காது வில்லை போட்டு, கால்நடை மருந்தகத்தில் எண்ணிக்கையோடு ஒரு சான்று வாங்கிக் கையில் வையுங்கள். போகிற ஊரிலும் முதல் நாளே கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சட்டத்தை மாற்ற நாளாகும். இந்தக் காகிதம் நாளைக்கே உதவும்.

சரளைக்காடு:
என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். மனிதன் செய்தது, மழை செய்தது என்று பிரித்துப் பேசினேன். சம்பா மழையில் போனதால்தான் பருத்தி போட்டேன் என்று வெண்ணாற்றங்கரை ஐயா எழுதியதை அப்போது கவனிக்காமல் கடந்துவிட்டேன். மழை ஒருவர் வயலைக் கெடுக்கிறது, அவர் அதைச் சமாளிக்கச் செய்வது இன்னொருவர் மேய்ச்சலை அடைக்கிறது. புறம்போக்கு பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை. கிராம சபையில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வெண்ணாற்றங்கரை:
நேற்று எங்கள் ஊர்ப் பாசன சங்கத்தில் பேசினேன். எட்டுப் பேர் ஒத்துக்கொண்டார்கள். வாய்க்காலுக்குத் தெற்கே தொடர்ச்சியாக 37 ஏக்கர். அந்த வெளியில் யாரும் இந்தக் கோடையில் பருத்தி போடுவதில்லை, உளுந்து எடுத்ததும் கிடைக்கு விடுவது என்று பேச்சு. யூரியா கொட்டிக் கொட்டி மண் இறுகிவிட்டது என்ற கவலை அவர்களுக்கும் இருக்கிறது. கிடைக்காசு வழக்கமாக எங்கள் பக்கம் கொடுப்பதுதான், குறைக்கச் சொல்ல மாட்டோம். நடுவில் மழை வந்தால் மேட்டில் ஒதுங்க நூலகத்துக்குப் பின்னால் களம் இருக்கிறது, சிமெண்ட் தளம். அங்கே நின்றுகொள்ளலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி.

கண்மாய்க்கரை:
அண்ணே, போனில் அப்பாவுக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

முழுதாக விற்கப்போவதில்லை. மாமாவால் இனி நடக்க முடியாது, அவர் பங்கில் கிழட்டு ஆடுகளைக் கழித்துவிட்டு 160 உருப்படியோடு இந்த வருடம் போகலாம் என்கிறார். செவ்வாடுகளை ஒன்றுகூடக் கொடுக்க மாட்டாராம், வெயில் தாங்குவது அதுதான் என்கிறார். காகிதங்களை நான் தயார் செய்கிறேன். ஆவணிக்குள் ஊசியும் போட்டுவிடுகிறோம் டாக்டர்.

37 ஏக்கருக்கு 160 ஆடு எத்தனை நாள் தாங்கும் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார். உங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்றுதான். அந்தக் களத்துப் பக்கம் மரம் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா?

வெண்ணாற்றங்கரை:
இரண்டு வேம்பு, ஒரு பெரிய புங்கை. அடிபம்பு வேலை செய்கிறது, இன்று காலையில்தான் அடித்துப் பார்த்தேன்.